எடை குறைஞ்சப்புறம் மார்பு ஆபரேஷன்: போறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டுப் போங்க

நான் 112 கிலோ இருந்தேன். 2021 ஆகஸ்ட்ல கோயமுத்தூர்ல வயித்துக்கு பைபாஸ் ஆபரேஷன் பண்ணி, ஒன்றரை வருஷத்துல 67 கிலோவுக்கு வந்தேன். ஊர்ல பாக்கறவங்க எல்லாம் அடையாளமே தெரியலன்னாங்க, சுகர் மாத்திரை நின்னுது, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கல, எல்லாம் சரி. ஆனா குளிக்கறப்ப கண்ணாடி பக்கம் திரும்ப மாட்டேன். சாமானை எடுத்து வெச்சிட்டு ஆணியில மாட்டுன மஞ்சப்பை மாதிரி கெடந்துச்சு மார்பு ரெண்டும். கீழ மடிப்புல வேர்வை நின்னு நின்னு புண்ணு, பவுடர் டப்பா பதினஞ்சு நாள் தாங்காது. இத யார்கிட்ட போய் கேக்கறதுன்னு தெரியாமயே ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. அக்காகிட்ட சொன்னா "இந்த வயசுல உனக்கு எதுக்குடி"ன்னா. கூகுள் பண்ணா எல்லாம் விளம்பரம். அதான் பேப்பர், பணம், நாள் கணக்கு எல்லாத்தையும் நான் பட்ட வரிசையிலயே எழுதறேன்.

நான் டாக்டர் இல்ல. உங்க ஒடம்புக்கு எதுன்னு சொல்ல வேண்டியது உங்க சர்ஜன்.

1. எடை நின்னுடுச்சா? இல்லன்னா கிளம்பவே கிளம்பாதீங்க

என் முதல் தப்பு இதுதான். பைபாஸ் முடிஞ்சு 14 மாசத்துல ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன பாத்தேன், அப்ப மாசத்துக்கு ஒண்ணரை கிலோ இன்னும் குறைஞ்சிட்டே இருந்துச்சு. அவர் எடை நோட்ட வாங்கி பாத்துட்டு, "இப்ப தூக்கி தச்சா இன்னும் ஆறு கிலோ போனதும் திரும்ப தொங்கும்மா, எடை நின்னதும் வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. அன்னிக்கு கோவமா வந்துச்சு, கன்சல்டேஷன் 800 ரூபா வேற போச்சேன்னு. இப்ப நெனச்சா அந்த 800தான் எனக்கு ரெண்டு லட்சத்த மிச்சம் பண்ணுச்சு.

பொதுவா கேக்கறது இதுதான்: பேரியாட்ரிக், அதாவது எடை குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணவங்கன்னா ஆபரேஷன் முடிஞ்சு 12ல இருந்து 18 மாசம் ஆகியிருக்கணும், அதோட கடைசி ஆறு மாசமாவது எடை பெருசா ஏறாம இறங்காம நின்னிருக்கணும். டயட்லயோ ஊசி போட்டோ குறைச்சவங்களுக்கும் அந்த ஆறு மாச கணக்கு உண்டு. மாசா மாசம் ஒரே மிஷின்ல, ஒரே நேரத்துல எடை போட்டு தேதியோட எழுதி வைங்க, முதல் கேள்வியே அதுதான் வரும்.

இன்னொரு குழந்தை வேணும்னு மனசுல இருந்தா அதுக்கப்புறம் வெச்சிக்கங்க. கர்ப்பத்துல மார்பு பெருசாகி சுருங்கி, தச்சதெல்லாம் தளர்ந்துரும். ஆபரேஷன் முறைய பொறுத்து பால் குடுக்கறதும் பாதிக்கலாம், இத டாக்டரே சொல்லுவாருன்னு காத்திருக்காம நீங்களா கேளுங்க.

2. தொங்கறதா, காலியா, கனமா? இத பிரிச்சு தெரிஞ்சுக்கங்க

மூணும் வேற வேற பிரச்சனை, வைத்தியமும் வேற. நான் முதல்ல பாத்த ஒரு கிளினிக்ல இத யாரும் பிரிச்சே பேசல. ஒரு பொண்ணு டேப்லெட்ட வெச்சிக்கிட்டு இம்பிளான்ட் (மார்புக்குள்ள வைக்கற சிலிகான் பை) சைஸ் காட்டி, ஈஎம்ஐ எவ்வளவு வரும்னு கணக்கு போட ஆரம்பிச்சிருச்சு. டாக்டர் வந்தது கடைசி அஞ்சு நிமிஷம். அங்கிருந்து தப்பிச்சது என் புண்ணியம்.

கண்ணாடி முன்னாடி பிரா இல்லாம நேரா நில்லுங்க. மார்பு கீழ நெஞ்சோட ஒட்டற மடிப்பு இருக்கில்ல, நிப்பிள் அந்த கோட்டுக்கு மேல இருக்கா, நேரா இருக்கா, கீழ எறங்கிருச்சான்னு பாருங்க. எவ்வளவு தொங்குதுன்னு டாக்டருங்க பிரிக்கறதும் அந்த மடிப்ப வெச்சுதான். அப்புறம் கையால தாங்கி மேல தூக்கி பாருங்க. தூக்குனதும் "இந்த அளவு போதும்"னு தோணுச்சுன்னா பிரச்சனை வெறும் தொங்கல். தூக்கியும் கைக்குள்ள ஒண்ணும் இல்ல, தோல் மட்டும்தான்னா காலி. தூக்குனா கையே வலிக்குது, தோள்ல ஸ்ட்ராப் பள்ளம் விழுந்திருக்கு, கழுத்து வலிக்குதுன்னா கனம்.

எனக்கு தொங்கலும் காலியும் சேர்ந்து. டாக்டர் டேப் வெச்சு கழுத்துக் குழியில இருந்து நிப்பிள் வரைக்கும் அளந்தாரு. ஒரு பக்கம் 31 சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் 32 (சாதாரணமா 20 பக்கம் இருக்குமாம்). ரெண்டும் ஒரே அளவு இல்லங்கறதே அன்னிக்குத்தான் எனக்கு தெரியும்.

3. என்னென்ன வழி இருக்கு

லிஃப்ட் மட்டும். மிச்ச தோல வெட்டி எடுத்துட்டு, நிப்பிள மேல நகர்த்தி தைக்கறது. தழும்பு மூணு விதமா வரும். நிப்பிள சுத்தி வட்டமா மட்டும் ஒண்ணு. வட்டத்தோட கீழ நேர் கோடு ஒண்ணு. வட்டம், நேர் கோடு, கீழ மடிப்பு நீளத்துக்கும் இன்னொரு கோடு, அதாவது நங்கூரம் மாதிரி. நம்மள மாதிரி 30, 40 கிலோ குறைஞ்சவங்களுக்கு பெரும்பாலும் நங்கூரம்தான், ஏன்னா தோல் மேலயும் கீழயும் மட்டும் இல்ல, அகலத்துலயும் தளர்ந்திருக்கும். "தழும்பே தெரியாது, சின்ன வட்டம்தான்"னு ரொம்ப தொங்கறவங்களுக்கு யாராவது சொன்னா எழுந்து வந்துருங்க.

சொந்த சதையவே உள்ள வெச்சு தைக்கறது. நான் பண்ணது இதுதான், இப்படி ஒண்ணு இருக்குன்னு முதல் ரெண்டு இடத்துல யாரும் வாயத் தெறக்கல. எடை குறைஞ்சவங்களுக்கு அக்குளுக்கு கீழ, பிரா பட்டைக்கு மேல ஒரு சதை மடிப்பு பிதுங்கிட்டு நிக்கும் தெரியுமா, ஜாக்கெட் போட்டா வெளிய வழியும், அத தூக்கி வீசாம ரத்த ஓட்டத்தோட அப்படியே மார்புக்குள்ள திருப்பி மடிச்சு, நெஞ்சு பக்கமா தச்சு நிறுத்தறாங்க. பக்கவாட்டு சதையும் போச்சு, காலியும் ஓரளவு நெறஞ்சுது. ஆனா அந்த சதை இருந்தாதான் முடியும். பெரிய சைஸும் வராது.

லிஃப்ட்டோட இம்பிளான்ட். மேல் பக்கம் நல்லா நெறைஞ்ச மாதிரி வேணும்னா இதுதான் வழி. ஆனா தளர்ந்த தோல்ல கனமான இம்பிளான்ட் வெச்சா அது தன் பாரத்துலயே கீழ இழுக்கும். அதனால சில டாக்டருங்க முதல்ல லிஃப்ட், சில மாசம் கழிச்சு தேவைப்பட்டா இம்பிளான்ட்னு ரெண்டு தடவையா பண்றாங்க. ஆயுசுக்கும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க, உடையலாம், சுத்தி வர்ற ஜவ்வு இறுகி கல்லு மாதிரி ஆகலாம், எப்பவாவது மாத்த வேண்டி வரும். சிலிகான் ஜெல் வெச்சவங்க 5, 6 வருஷத்துல ஒரு எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ, அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கணும்னு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிய கண்காணிக்கற எஃப்டிஏ சொல்லுது, அந்தச் செலவையும் சேர்த்து கணக்கு போடுங்க. மேல் பரப்பு சொரசொரப்பா இருக்கற வகையில அபூர்வமா ஒரு மாதிரி லிம்ஃபோமா கேன்சர் வர்றது தெரிஞ்சு, 2019 ஜூலைல அல்லர்கன் கம்பெனி அதோட பயோசெல் வகைய உலகம் பூராவும் திரும்ப வாங்குச்சு. அதனால வழவழப்பா சொரசொரப்பான்னு கேட்டுட்டுதான் சரின்னு சொல்லணும். பெட்டியில வர்ற சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் கார்டும் உங்க கைக்கு வரணும்.

கொழுப்பு ஊசி. வயித்துலயோ தொடையிலயோ கொழுப்ப உறிஞ்சி மார்புல ஏத்தறது. ஏத்துன கொழுப்புல ஒரு பங்க ஒடம்பு உறிஞ்சிக்கும், ரெண்டாவது தடவை தேவைப்படலாம். தொங்கறதுக்கு இது மருந்தே இல்ல, லேசா நெரப்ப மட்டும்தான்.

குறைக்கறது. கனம் இருக்கறவங்களுக்கு. தழும்பு லிஃப்ட் மாதிரியேதான்.

ஆம்பளைங்களும் தாராளமா கேக்கலாம். எடை போனப்புறம் நெஞ்சு தோல் தொங்கறவங்களுக்கு லைப்போ (கொழுப்ப உறிஞ்சி எடுக்கறது) மட்டும் பண்ணா கொழுப்பு போகும், தோல் அப்படியே நிக்கும்.

4. டாக்டர் பேருக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க

எம்பிபிஎஸ்ஸுக்கு அப்புறம் எம்சிஹெச் பிளாஸ்டிக் சர்ஜரி, இல்லன்னா டிஎன்பி (இப்ப பேரு டிஆர்என்பி) பிளாஸ்டிக் சர்ஜரி. இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கணும். "காஸ்மெட்டிக் சர்ஜன்"னு போர்டு வெச்சிக்கறதுக்கும் அந்தப் படிப்புக்கும் சம்பந்தம் இல்ல. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல பேரையோ ரெஜிஸ்டர் நம்பரையோ போட்டு பாக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை. நான் ஃபீஸ் கட்டி பாத்த ஒருத்தர் பேர போட்டு பாத்தா பிளாஸ்டிக் சர்ஜரியே இல்ல, தோல் சம்பந்தமா ஏதோ டிப்ளமோ.

அங்க போனா கேக்க வேண்டியது: எடை குறைஞ்சவங்களுக்கு பண்ண போட்டோ காட்டுங்க, ஒரு மாசத்து போட்டோ வேணாம், ஒரு வருஷம் கழிச்சு எடுத்தது, தழும்பு தெரியற மாதிரி. இருவது வயசு பொண்ணுக்கு இம்பிளான்ட் வெச்ச போட்டோ நமக்கு எதுக்கு? மயக்கம் குடுக்க தனியா டாக்டர் இருக்காங்களா, ராத்திரி ஏதாவதுன்னா யார் வருவாங்க, ஐசியூ உண்டான்னும் கேளுங்க. கேள்வி கேட்டா மூஞ்சி சுளிக்கறவர்கிட்ட மயங்கி படுக்க வேணாம்.

பணம் இல்லன்னு விட்டுடாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல பிளாஸ்டிக் சர்ஜரி ஓபி இருக்கு, சென்னை ஸ்டான்லில 2018ல மார்பு சீரமைப்புக்குன்னே தனி கிளினிக் தொடங்கி ஏழைங்களுக்கு இலவசமா பண்றதா அறிவிச்சாங்க. காத்திருக்கணும், தீக்காயம், கேன்சர் கேஸுங்க முன்னாடி போகும். ஆனா புண்ணு, கழுத்து வலின்னு தொந்தரவு இருந்தா போய் ஓபில காட்டி கேளுங்க.

5. ஃபைல் தயார் பண்றது

ஒரே ஃபைல்ல இவ்வளவும் போடுங்க: பேரியாட்ரிக் டிஸ்சார்ஜ் சம்மரி, எடை நோட்டு, இப்ப சாப்பிடற மாத்திரை லிஸ்ட், பழைய ஆபரேஷன் பேப்பர், அலர்ஜி விவரம், ஆதார், மார்பு கீழ புண்ணு வந்தப்ப ஸ்கின் டாக்டர் எழுதுன சீட்டு எல்லாம், போட்டோவோட. நான் புண்ணுக்கு மெடிக்கல்ல நேரா ஆயின்மென்ட் வாங்கி தேய்ச்சவ, ஒரு சீட்டு கூட கையில இல்ல.

ரத்த டெஸ்ட்லதான் நான் ரெண்டாவது தடவை மாட்டுனேன். ஹீமோகுளோபின் 9.2. பைபாஸ் பண்ணவங்களுக்கு இரும்புச்சத்து, பி12, டி, புரோட்டீன் எல்லாம் ஒழுங்கா ஒடம்புல சேராது, அது குறைஞ்சா புண்ணு ஆறாது. மாத்திரை போட்டும் ஏறல, இரும்புச்சத்து டிரிப் ரெண்டு தடவை போட்டு, ரெண்டரை மாசம் தள்ளிப்போச்சு. நீங்க ஆபரேஷன் நெனைக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், ஆல்புமின், பி12, வைட்டமின் டி, சுகரோட மூணு மாச சராசரி எல்லாம் பாத்துருங்க. முட்டை, பருப்பு, பன்னீர்னு புரோட்டீன் தினமும் 60, 70 கிராமாவது உள்ள போகட்டும்.

40 தாண்டுனவங்களுக்கு மேமோகிராம், அதுக்கு கீழன்னா பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். உள்ள கட்டி ஏதும் இல்லன்னு முன்னாடியே தெரியணும். அந்த ஃபிலிம தூக்கிப் போடாதீங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் எடுக்கறத ஒப்பிட்டு பாக்க அது வேணும்.

6. பணம்

மூணு இடத்துல எஸ்டிமேட் வாங்குனேன்: 1,40,000, 1,85,000, 2,60,000. கடைசி ரெண்டுலயும் இம்பிளான்ட் கிடையாது, முதல்ல சொன்ன 1,40,000ல மயக்க டாக்டர் ஃபீஸே சேரல. நடுவுல இருக்கறத எடுத்தேன், குறைவுங்கறதுக்காக இல்ல, டாக்டர புடிச்சுது.

பில் வந்தப்ப 2,18,300. என்னன்னு பாத்தா ஜிஎஸ்டி. ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி இல்லன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன், ஆனா அழகுக்கு பண்ற ஆபரேஷன் அந்த விலக்குல வராது, பொறவிக் குறை, விபத்து காயம் மாதிரி விஷயத்த சரி பண்ணா மட்டும் விலக்கு. நான் பண்ணப்ப 18%, 33,300 ரூபா. எஸ்டிமேட் சீட்டுல அடியில பொடி எழுத்துல "வரி தனி"ன்னு இருந்துச்சாம். ஆஸ்பத்திரி மேல தப்பு சொல்ல முடியல, ஆனா வாய் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அட்மிஷன் அன்னிக்கு காலைல என் வீட்டுக்காரர் பேங்க்குக்கு ஓடுனாரு. "வரியோட மொத்தம் எவ்வளவு"ன்னு கேட்டு, பேப்பர்ல எழுதி சீல் வெச்சு வாங்குங்க. ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க வருமான வரி சட்டத்துல தடை இருக்கு, அதனால கார்டோ டிரான்ஸ்ஃபரோ ரெடியா வைங்க.

பேக்கேஜ்ல சேராம என் கையில போனது: டெஸ்ட், மேமோகிராம் 8,400, இரும்புச்சத்து டிரிப் 7,000, சர்ஜிக்கல் பிரா ரெண்டு 4,200, வெட்டி எடுத்த சதைக்கு பயாப்சி 3,000, தழும்புக்கு சிலிகான் ஜெல்லும் டேப்பும் 5,500. எல்லாம் சேர்த்து 2,46,400, டாக்ஸி தனி.

இன்ஷூரன்ஸ் பத்தி சுருக்கமா: லிஃப்ட்டுக்கு வராது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ வெச்சிருக்கற பொது விலக்கு லிஸ்ட்ல அழகு ஆபரேஷன் இருக்கு, விபத்து, தீக்காயம், கேன்சருக்கு அப்புறம் சீரமைக்கறது, இல்லன்னா ஒடம்புக்கு நேரடி ஆபத்த நீக்க தேவையான வைத்தியம், இதுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. கனம் குறைக்கறவங்க டாக்டர் லெட்டர், எலும்பு டாக்டர் சீட்டு எல்லாம் வெச்சு முன் அனுமதி கேட்டு பாக்கலாம். முதல்ல பண்ணிட்டு அப்புறம் கிளெய்ம் போடலாம்னு நெனைக்காதீங்க.

"வயிறும் கையும் சேர்த்து பண்ணா தள்ளுபடி"ன்னு சொல்லுவாங்க. ஒரே மயக்கத்துல முடியும்ங்கறது உண்மைதான், ஆனா நேரம் நீள நீள ரத்தம் இழக்கறதும் கால்ல ரத்தம் உறையற ஆபத்தும் ஏறும். தள்ளுபடிக்காக முடிவு பண்ணாதீங்க.

7. தேதியும் கடைசி ரெண்டு வாரமும்

சித்திரை வைகாசில பண்ணாதீங்க, ராத்திரி பகலா இறுக்கமான பிரா போட்டுட்டு நம்ம வெயில்ல இருக்க முடியாது. நான் டிசம்பர்ல பண்ணேன். வேலைக்குப் போறவங்க ரெண்டு வாரம் லீவு, கடையில நின்னு சாமான் தூக்கற வேலைன்னா ஆறு வாரம்.

ரெண்டு வாரம் முன்னாடி இருந்து ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம் எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டி எத நிறுத்தணும்னு கேளுங்க, இதய டாக்டர் குடுத்த மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. எடைக்கு மவுஞ்சாரோ, வேகோவி மாதிரி ஊசி போடறவங்க மயக்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், வயித்துல சாப்பாடு தங்கியிருக்கலாம், மயக்கத்துல வாந்தி நுரையீரலுக்கு போயிரலாம். சிகரெட், புகையிலை, நிக்கோட்டின் சூயிங்கம் எல்லாம் நாலு வாரமாவது முன்னாடி நிக்கணும், இல்லன்னா நிப்பிளுக்குப் போற ரத்தமே குறைஞ்சு கருத்துப் போயிரலாம்.

கன்சென்ட் பேப்பர் தமிழ்ல கேளுங்க. அதுல போட்டோவ விளம்பரத்துக்கு பயன்படுத்த சம்மதம்னு ஒரு வரி இருக்கும், நான் பேனாவால அடிச்சு பக்கத்துல கையெழுத்து போட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லல.

அன்னிக்கு காலைல நிக்க வெச்சு மார்க்கர் பேனால கோடு போடுவாங்க. நான் நர்ஸ் கைய புடிச்சிட்டு மேல ஃபேன பாத்துட்டே நின்னேன், டாக்டர் கோடு போட்டு, ரெண்டடி பின்னாடி போய் ஒரு கண்ண மூடி பாத்து, அழிச்சு, திரும்ப போட்டாரு. டெய்லர் கடையில அளவு குடுக்கற மாதிரியே இருந்துச்சு. கூச்சமா இருந்தாலும் அந்த நேரத்துல கண்ணாடி கேட்டு, நிப்பிள் எங்க வருதுன்னு பாத்துக்கங்க.

8. வீட்டுக்கு வந்தப்புறம்

எனக்கு மூணரை மணி நேரம் ஆச்சு, ரெண்டு ராத்திரி தங்குனேன். ரெண்டு பக்கமும் உள்ள தேங்கற ரத்தம், நீர் வெளிய வர டிரெயின் குழாய், ரெண்டாம் நாள் எடுத்தாங்க, தையல் பன்னெண்டாம் நாள்.

முன்னாடி திறக்கற நைட்டியோ சட்டையோ நாலு வாங்கி வைங்க, தலை வழியா போடறது எதுவும் முடியாது. கிச்சன்ல மேல் தட்டுல இருக்கற டப்பா எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கிருங்க. ஆறு வாரத்துக்கு மல்லாந்துதான் படுக்கணும், குடம், குக்கர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. என் அத்தை மூணாம் நாளே "தலைக்கு ஊத்திக்கம்மா"ன்னாங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் தையல் நனையக் கூடாது. ஸ்கூட்டிய நான் நாலு வாரம் கழிச்சுதான் தொட்டேன்.

பைபாஸ் பண்ணவங்க இத மட்டும் மறக்காதீங்க. வலிக்கு புரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை நமக்கு ஆகாது, வயித்துல தச்ச இடத்துல புண்ணு வந்துரலாம். டிஸ்சார்ஜ் சீட்டுல எனக்கு அதையே எழுதியிருந்தாங்க, நான் பாத்து சொன்னப்புறம் பாராசிட்டமாலுக்கு மாத்துனாங்க.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கறது, நிப்பிள் நிறம் கருக்கறது, நாத்தமா சீழ், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் எதுவா இருந்தாலும் காலைல பாக்கலாம்னு படுக்காதீங்க, அப்பவே ஃபோன். எனக்கு நங்கூரத்தோட கோடு சேர்ற இடத்துல ஒரு ரூபா காசு அளவு தையல் விட்டு தெறந்துக்கிச்சு, பாத்ததும் அழுதுட்டேன், அந்த முனையில இப்படி ஆகறது சகஜமாம், டிரெஸ்ஸிங் பண்ணியே மூணு வாரத்துல மூடிருச்சு.

9. மாசக்கணக்கு

முதல் மாசம் மார்பு ரொம்ப மேல, சப்பையா, பெட்டி மாதிரி இருக்கும், பயந்துராதீங்க, மூணுல இருந்து ஆறு மாசத்துல எறங்கி உருவம் வரும். நிப்பிள்ல உணர்ச்சி எனக்கு ஒரு பக்கம் எட்டு மாசத்துல வந்துச்சு, இன்னொரு பக்கம் இன்னும் பாதிதான். சிலருக்கு வராமயே போகலாம். நம்ம தோலுக்கு தழும்பு ஆறு மாசம் வரைக்கும் கருஞ்சிவப்பா தடிச்சு நிக்கும், மங்கறதுக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். முன்னாடி காது குத்துன இடமோ அம்மை ஊசி போட்ட இடமோ தடிப்பா வளர்ந்தவங்க அத முதல் நாளே டாக்டர்கிட்ட காட்டுங்க.

பிரா மூணு மாசத்துக்கு முன்னாடி புதுசா வாங்காதீங்க, நான் அவசரப்பட்டு ஆறாவது வாரம் வாங்குன மூணும் பீரோல கெடக்கு. அப்புறம் எப்ப மேமோகிராம் எடுக்கப் போனாலும் ஆபரேஷன் பண்ண தேதிய முன்கூட்டியே சொல்லிருங்க, உள்ள தழும்பு கட்டி மாதிரி தெரிஞ்சு அவங்க பயப்பட்டு நம்மளையும் பயமுறுத்துவாங்க. எனக்கு அப்படித்தான் ஒரு வாரம் தூக்கம் போச்சு, பழைய ஃபிலிம கொண்டு போய் காட்டுனப்புறம்தான் விட்டாங்க.